புடாபெஸ்டில் விலைபோன ஏழு ஆட்டங்கள்

"மனிதகுல வரலாற்றில் இன்றுவரை ஒருவர்கூடச் சும்மா தோற்றதில்லை" என்று நலங்கிள்ளி அறிவித்தான்.

ஐக்கிய நாடுகள் சபையில் சொல்லவேண்டியதைப் பெருங்குடி டீக்கடையில் சொன்னான். சபை சார்பில் ரிஸ்வானா மட்டும் வந்திருந்தாள். அவள் அவன் வேலை செய்யும் மென்பொருள் கம்பெனியிலேயே, நலங்கிள்ளி எழுதும் நிரல்களில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவள். அந்தப் பழக்கம் அவளை ஆபீசுக்கு வெளியிலும் விடுவதில்லை.

"போன வாரம் கேரம்ல என்கிட்ட தோத்தியே, அது?"

"அது முட்டாள்தனம். தோல்விக்கு ரெண்டே காரணம்தான் ரிஸ்வானா. ஒண்ணு, புத்தி போதல. இல்லன்னா எவன்கிட்டயோ வாங்கிட்டான். மூணாவதா ஒண்ணு காட்டு, மீசைய எடுத்துடறேன்."

"உனக்கு எங்கடா மீசை?"

பெரிய உண்மைகளைச் சொல்கிறவர்கள் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. தவிர, தான் சொன்னது வெறும் பேச்சல்ல, மூன்று வருட உழைப்பு என்று அவன் மனமார நம்பினான். அந்த உழைப்புக்கு 'நடுவன்' என்று பெயர் வைத்திருந்தான்.

நடுவன் ஒரு செயலி. யாராவது ஆடிய சதுரங்க ஆட்டத்தை அதனிடம் கொடுத்தால், ஒவ்வொரு தவறான நகர்த்தலுக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதும். 'தெரியாமல்' அல்லது 'தெரிந்தே'. அவ்வளவுதான். உலகத்தில் மற்ற எந்திரங்களெல்லாம் தப்பு எது என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்க, இது தப்பு செய்தவனின் மனசுக்குள் இறங்கி எட்டிப் பார்த்தது. சதுரங்கம் வெறும் தொடக்கம்தான். எந்த நர்ஸ் தெரிந்தே ஊசியை மாற்றிப் போட்டாள் என்று அறிய ஓர் ஆஸ்பத்திரிக் குழுமம் காத்திருந்தது. டிரைவர்களை அறிய ஒரு பஸ் கம்பெனி. தன்னைப் பழிவாங்கவே மகன் கணக்கில் ஃபெயில் ஆனானா என்று அறிய, ஒரு பயிற்சி மையத்தின் மூலம் முந்நூற்றுச் சொச்சம் தகப்பன்மார் முன்பதிவு செய்திருந்தார்கள்.

அன்று டீ முடிந்து இருவரும் திரும்பியபோது, வரவேற்பறையில் ஒரு பெண் செக்யூரிட்டியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை.

"யாரப் பாக்கணும்னுதான்மா கேக்கறேன். பேரு சொல்லுங்க."

"பேரா? என்னத் திருடின்னு சொல்லிச்சே ஒரு மெஷினு, அதப் பாக்கணும். அதுக்குப் பேரு இருக்குல்லா, நீங்களே எழுதிக்கிடுங்க."

அவள்தான் அஞ்சுகம். கோவில்பட்டிக்காரி. சதுரங்கத்தில் சர்வதேசப் பட்டம் பெற்றவள். அந்தப் பட்டத்தால் ஒரு வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஆறு மாதத்துக்கு முன்பு தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றில், ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், காரணமே இல்லாமல் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள். பிறகு தோற்றாள். வாரியம் வெள்ளோட்டமாக ஆட்டத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நடுவன் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் 'தெரிந்தே' என்று எழுதியது. சதுரங்க ஒழுங்கு வாரியம் நோட்டீஸ் அனுப்பியது. வரும் வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் ஆயுள் தடை, பட்டம் பறிப்பு. பட்டம் போனால் வேலையும் போகும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதாரங்களை மூன்று நாள் பார்வையிட உரிமை உண்டு என்று வாரியத்தின் விதி சொல்லியது. யாராவது அதைப் பயன்படுத்துவார்கள் என்று எழுதியவர்களே எதிர்பார்க்கவில்லை.

அந்த ஆபீசில் கூட்ட அறைகளுக்கு நதிகளின் பெயர்கள். காவேரியில் முதலீட்டாளர்கள் உட்காருவார்கள், வைகையில் மேலாளர்கள். ஜன்னல் இல்லாத, ஏசி சொட்டுகிற, மிகச் சிறிய அறைக்குக் கூவம் என்று பெயர். அஞ்சுகத்தைக் கூவத்தில் உட்காரவைத்தார்கள். விளக்கம் சொல்ல நலங்கிள்ளியை அனுப்பினார்கள்.

"வணக்கம் மேடம். நடுவன் எப்படி வேலை செய்யுதுன்னா..."

"அது கெடக்கட்டும் தம்பி. என் ஆட்டத்த எதோட ஒப்பிட்டீக?"

"கெலெமென் ஓடொன் அப்படின்னு ஒரு ஹங்கேரி மாஸ்டர். அந்த ஊர்ல நம்ம இனிஷியல் மாதிரி குடும்பப் பேரு முன்னாடி வரும். நூறு வருஷத்துக்கும் முந்தின ஆளு. நானூத்திப் பன்னெண்டு ஆட்டம் கிடைச்சிருக்கு. அதுல ஏழு ஆட்டத்த வித்துட்டான்."

"வித்தாம்னு யாரு சொன்னா?"

"புடாபெஸ்ட்ல அவன் ஆடின கழகமே விசாரிச்சு, 1911ல வெளிய தள்ளிடுச்சு. ஏழும் ஒரே எதிராளிகிட்ட தோத்தது. விராக்னு ஒருத்தன். ஏழுலயும் கெலெமென் ஜெயிச்சுக்கிட்டிருக்கான், திடீர்னு ராஜாவச் சும்மா நகர்த்தறான், தோக்கறான். இதவிடக் கேளுங்க, ரெண்டு பேரும் நகர்த்தல எழுதற தாள் இருக்குல்ல, அந்த ஏழு ஆட்டத்துக்கும் ரெண்டு தாளும் ஒரே கையெழுத்து. கெலெமென் கையெழுத்து. விராக் எழுதக்கூட இல்ல. அவ்வளவு கூட்டு. விசாரணைல ஏன் இப்படி ஆடினன்னு கேட்டாங்க, வாயத் திறக்கல."

"அதனால?"

"திருடன்னு தீர்ப்பாகி, திருட்டும் முழுசா எழுதிவச்சிருக்கற ஆள் கிடைக்கறது கஷ்டம் மேடம். அதான் அவன அளவுகோலா வச்சோம். உங்க நகர்த்தல் அவன் ஏழோட தொண்ணூத்தி நாலு சதவீதம் ஒத்துப்போகுது."

அஞ்சுகம் துணிப்பையிலிருந்து ஒரு மரச் சதுரங்கப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தாள். காய்களைக் கொட்டினாள்.

"அந்த ஏழையும் எடு."

"திரையில ரெண்டு நிமிஷத்துல ஓட்டிக் காட்டறேனே."

"எடுலே."

நலங்கிள்ளி மூன்று மாதத்துக்கு முன்பு கல்லூரி விழா ஒன்றில், செத்துப்போன மாஸ்டர்களின் ஆட்டங்களைக் காயை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறவர்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசிக் கைத்தட்டல் வாங்கியவன். வினாடிக்கு நாலு கோடி நகர்த்தல் பார்க்கும் எந்திரம் இருக்கும்போது, ஒரு யானையைத் தூக்கி வைக்க மூன்று வினாடி எடுத்துக்கொள்ளும் மனிதர்களைப் பார்த்தால் அவனுக்குக் கோபம் வரும். சிரிப்பாகத்தான் பேசுவான், ஆனால் உள்ளே உண்மையான கோபம்தான். உலகம் இவ்வளவு மெதுவாக இருப்பது தனக்கு இழைக்கப்பட்ட தனிப்பட்ட அநியாயம் என்பது அவன் கருத்து.

கம்பெனி மூட்டை மூட்டையாக வாங்கி ஸ்கேன் செய்திருந்த கெலெமெனின் காகிதங்களை அவள் இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் ரிஸ்வானா போய் ஒரு தட்டு நீட்டினால் வாங்கிக்கொண்டாள். நலங்கிள்ளி நீட்டியதை வாங்கவில்லை.

"உன்னப் பாத்தாலே அவங்களுக்கு எரியுது," என்றாள் ரிஸ்வானா.

"எனக்கும்தான் எரியுது. ஆதாரம் இவ்வளவு தெளிவா இருக்கு. ஒத்துக்கிட்டுப் போகவேண்டியதுதானே?"

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அஞ்சுகம் அவனைக் கூப்பிட்டு, எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

"உக்காரு. நீதான் விராக். நான் கெலெமென். தாளப் பாத்து உன் காய நீ நகர்த்து, என் காய நான் நகர்த்துதேன்."

"மேடம், எனக்கு நிறைய வேலை..."

"என் பொழப்பக் கெடுக்கறதுதான உன் வேல? அதையும் இங்கனதான் பண்ணப்போற. உக்காரு."

உட்கார்ந்தான். முதல் ஆட்டம். இருபத்திரண்டாம் நகர்த்தலில் தாளில் இருந்தபடி விராக்கின் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தான். உருப்படாத நகர்த்தல். அடுத்து அஞ்சுகம், கெலெமெனின் ராஜாவை எடுத்து ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். ஆட்டம் தொடர்ந்தது. கெலெமென் தோற்றான்.

இரண்டாம் ஆட்டம். பதினேழாம் நகர்த்தலில் விராக்கின் ராஜா ஒரு கட்டம். உடனே கெலெமெனின் ராஜா ஒரு கட்டம்.

மூன்றாம் ஆட்டத்தில் நலங்கிள்ளிக்கு உண்மையிலேயே பொறுக்கவில்லை. எதிரில் இருப்பவள் கண்ணெதிரே ஒரு நல்ல ஆட்டத்தைக் குட்டிச்சுவர் ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்ப ராஜாவ நகர்த்தறீங்க? குதிரைய வச்சா என் கதை முடிஞ்சுது!"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன்?"

"நீ ஏன் ஒன் ராஜாவ நகர்த்துன?"

"தாளில அப்படி இருக்கு."

"சரி, அவன் ஏன் நகர்த்துனான்?"

"அவன் முட்டாள். நடுவன்ல அப்படித்தான் வருது. எதிராளியோட முட்டாள்தனத்தையெல்லாம் நான் குப்பைன்னு ஒதுக்கிட்டுத்தான் கணக்குப் போடுவேன். அப்பதான் செயலி வேகமா ஓடும்."

அந்த வடிகட்டலை எழுதிய அன்று அவன் தனக்குத்தானே பிரியாணி வாங்கிக் கொடுத்துக்கொண்டான். அது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

"நாலாவது ஆட்டம் வைலே," என்றாள் அஞ்சுகம்.

நாலாவதில் விராக்கின் ராஜா நகரும் இடம் வந்ததும் நலங்கிள்ளியின் கை அந்தரத்தில் நின்றது. ஏழு ஆட்டங்களிலும் அந்த ஒரு நகர்த்தல் மட்டும்தான் முட்டாள்தனம். மற்ற நகர்த்தல்களைப் பார்த்தால் விராக் முட்டாள் இல்லை. கெட்டிக்காரன்.

அஞ்சுகம் ஒரு அச்சுத் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "நீங்க வாங்குன மூட்டையில அந்தக் கழகத்து விதிப் புத்தகமும் இருந்துச்சு. ஆட்டத்த மட்டும் உருவிக்கிட்டு மிச்சத்த விட்டுட்டீக. பதிமூணாவது விதி. வாசி."

வாசித்தான். ஆட்டத்தின் நடுவே நகர்த்த முடியாத காயை ஒருவர் கை பட்டுத் தொட்டாலோ தட்டிவிட்டாலோ, அபராதமாக அவர் தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தவேண்டும்.

"விராக்குக்குக் கை நடுங்கும்லே. பென்சிலே பிடிக்க முடியாது. அதான் ரெண்டு தாளையும் கெலெமென் எழுதிருக்கான். நடுங்கற கை எதையாவது தட்டிரும். அபராதம். ராஜா ஒரு கட்டம். அந்த ஒரு முறை வீணாப் போச்சுல்லா? அது ஆட்டத்துல வந்த தப்பு இல்ல, கையில வந்த தப்பு. அதனால கெலெமென் தானும் ஒரு முறைய வீணாக்கிருக்கான். சரிக்குச் சரி. அப்புறம் ஆடிருக்கான். தோத்திருக்கான்."

"இத விசாரணைல சொல்லிருக்கலாமே அவன்?"

"சொன்னா விராக்க யாரு ஆடவிடுவா?"

ஏசி ஒரு சொட்டு விட்டது. நலங்கிள்ளி செல்போனை எடுத்து அஞ்சுகத்தின் ஆட்டத்தைத் திறந்தான். ஆறு மாதமாக அதில் அவளுடைய நகர்த்தல்களை மட்டுமே பார்த்திருந்தான். இருபத்தாறாம் நகர்த்தல், எதிராளி தமயந்தி: ராஜா ஒரு கட்டம். இருபத்தாறாம் நகர்த்தல், அஞ்சுகம்: ராஜா ஒரு கட்டம்.

"தமயந்திக்கும் கை..."

அஞ்சுகம் மேசையில் அடித்தாள். காய்கள் உருண்டன. "அவ பேரு இந்த ரூமத் தாண்டி வெளிய போச்சு, ஒன்னயச் சும்மா விடமாட்டேன் பாத்துக்க."

"நடந்தது என்னன்னு சொல்லுங்க."

"ஏதோ மாத்திர சாப்பிடுதா. வலிப்புக்கு. அதுல ஒரு கை அப்பப்ப ஆடும். கை ராஜா மேல பட்டுச்சு. தெரியாமப் பட்டுட்டுன்னு நடுவர்ட்ட சொல்லிருக்கலாம். சொன்னா ஏன் பட்டுச்சுன்னு கேப்பான். இந்திய டீமுக்கு உடல்தகுதிச் சான்றிதழ் வேணும், தெரியும்லா? அவ ஒண்ணும் பேசல. தொட்ட காய நகர்த்தணும்னு விதி, நகர்த்திட்டா. மூஞ்சியப் பாத்தேன். தண்ணியா இருந்துச்சு கண்ணு. அந்தப் பொண்ணுட்ட அப்படியா ஜெயிக்க?"

"அதுக்காகத் தோத்துட்டீங்க."

"யாருலே தோக்கணும்னு நெனச்சா? ஒரு முறைய திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அப்பவும் ஜெயிச்சிரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் அவ நல்லா ஆடிட்டா." அஞ்சுகம் உருண்ட சிப்பாய்களைப் பொறுக்கினாள். "கழுத, ரொம்ப நல்லா ஆடிட்டா."

"வாரியத்துல இதச் சொல்லலன்னா உங்க வேலை போயிடும்."

"சொன்னா அவளுக்குப் போயிரும்."

"உங்களுக்குக் கோபமே இல்லையா அவங்க மேல?"

"இருக்கு. நிறைய இருக்கு. ஆறு மாசமா ஒரு போன் பண்ணல அவ. அதுக்காகக் காட்டிக்கொடுக்கணுமா? கோபம் ஒன் மேலதான் அதிகம். என் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கே எழுதிக் கொடுக்க நீ யாருலே?"

நலங்கிள்ளி எழுந்து வெளியே வந்தான். அவனுக்கு யார்மீது கோபம் என்று உடனே தெரியவில்லை. வரிசையாக எல்லோர்மீதும் முயன்று பார்த்தான். 1911ஆம் ஆண்டுக் கழகத்தார்மீது. தமயந்திமீது. வாயைத் திறக்காமல் செத்த கெலெமென்மீது. ஒன்றும் நிலைக்கவில்லை. கடைசியில் தன் மேசைக்குப் போய், பிரியாணி வாங்கித் தந்த அந்த வடிகட்டலை அணைத்துவிட்டு, அஞ்சுகத்தின் ஆட்டத்தை நடுவனிடம் மறுபடி கொடுத்தான். எதிராளியின் நகர்த்தலையும் சேர்த்துப் பார்த்தால் எந்திரமே உண்மையைச் சொல்லிவிடும். அஞ்சுகம் தப்பித்துவிடுவாள். தப்பைத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது அவனுக்கு.

நடுவன் உண்மையைத்தான் சொல்லியது. இந்தமுறை ஒரு சொல்லோடு நிற்காமல் அறிக்கையே கொடுத்தது.

'அஞ்சுகம், நகர்த்தல் 26: தெரிந்தே. நோக்கம்: ஈடு செய்தல். 93%.

தமயந்தி, நகர்த்தல் 26: கை தவறியது. 96%. இதே போட்டியில் மேலும் நான்கு இடங்களில் அறிகுறி. நரம்பியல் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.'

நலங்கிள்ளி அதை இரண்டு முறை படித்தான். இது நர்சுகளிடம் போகும். டிரைவர்களிடம் போகும். கணக்கில் ஃபெயில் ஆன பையன்களிடம் போகும். மறைத்து வைத்து எப்படியோ பிழைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நடுக்கத்தையும் தேடிப் பிடித்துச் சதவீதம் போட்டுக் கொடுக்கும். தவறாகச் சொன்னபோது இது ஓர் ஆளைக் கொன்றது. சரியாகச் சொன்னால் ஊரையே கொல்லும். மூன்று வருடம் ராப்பகலாக உட்கார்ந்து இதைத்தான் அவன் செய்திருக்கிறான். அறிக்கையை அழித்தான். வடிகட்டலைப் பழையபடி போட்டான்.

பிறகு முதலாளி ராஜநாயகத்தின் அறைக்குப் போனான். ராஜநாயகம் கெட்டவரில்லை. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார், சுவரில் 'உண்மையே வெல்லும்' என்று மாட்டியிருந்தார்.

"சார், கெலெமென் ஆட்டத்த விக்கல."

"எந்த கெலெமென்?"

"நம்ம அளவுகோல் சார். ஹங்கேரிக்காரர்." 'காரர்' என்று வந்துவிட்டதை அவனே கவனித்தான். "வேற காரணம் இருந்திருக்கு. அப்ப அஞ்சுகம் மேல இருக்கற கேஸ் நிக்காது. வாரியத்துகிட்ட வாபஸ் வாங்கச் சொல்லலாம்."

"என்ன காரணம்பா?"

"...சொல்ல முடியாது சார்."

ராஜநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிள்ளி, அந்தப் பொண்ணு தெரிஞ்சு நகர்த்திச்சா, தெரியாம நகர்த்திச்சா?"

"தெரிஞ்சுதான். ஆனா..."

"நம்ம செயலி என்ன சொல்லிச்சு? தெரிஞ்சேன்னு சொல்லிச்சு. கரெக்டா? கரெக்ட். ஏன் செஞ்சாங்கங்கறது நம்ம டிபார்ட்மென்ட் இல்லப்பா. வெள்ளிக்கிழமை விசாரணைலயே வாரியம் பத்து ஆட்டம் வச்சு நடுவனச் சோதிக்கப் போறாங்க. ஒன்பது சரியா வந்தா நாடு முழுக்க நம்மது. அப்புறம் ஆஸ்பத்திரி. அளவுகோல் தப்புன்னா வர்ற வருஷம் பொறுமையா திருத்திக்கலாம். இப்ப போய் நல்லாத் தூங்கு."

"சோதனைல தேறலன்னா சார்?"

"தேறலன்னா அந்தப் பொண்ணு கேஸும் தள்ளுபடி, நம்ம கம்பெனியும் தள்ளுபடி. ஆனா நீ பண்ணது தேறும்பா. உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு." தோளில் தட்டினார். அந்தத் தட்டில் கொஞ்சமும் போலித்தனம் இல்லாததுதான் நலங்கிள்ளியை இன்னும் ஆத்திரப்படுத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் ஒரு ஓட்டல் அரங்கு. மேடையில் வாரியத் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி திருமூர்த்தி. இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். எதிரே ராஜநாயகம், ஆஸ்பத்திரிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் அஞ்சுகம், மடியில் துணிப்பை. வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை.

"உறையில் பத்து ஆட்டம் இருக்கு," என்றார் திருமூர்த்தி. "பத்தும் தோத்தவங்க ஆட்டம். அஞ்சு பேரு வித்துட்டேன்னு கோர்ட்டிலயே ஒத்துக்கிட்டவங்க. அஞ்சு பேரு யோக்கியமாத் தோத்தவங்க. அதுல ஒண்ணு," இங்கே அவர் லேசாகச் செருமினார், "அடியேன் கல்லூரி நாள்ல மாவட்ட இறுதியாட்டத்துல தோத்தது. அஞ்சரை மணி நேரம் போராடினேன். இன்னிக்கும் அந்தக் காலேஜ்ல சொல்லுவாங்க."

அரங்கு மரியாதையாகச் சிரித்தது.

நலங்கிள்ளி கணினி முன் உட்கார்ந்தான். நடுவனில் ஒரே ஒரு அளவு மட்டும் மனிதன் கையால் வைக்கவேண்டியது. எத்தனை சதவீத உறுதி இருந்தால் 'தெரிந்தே' என்று சொல்லலாம் என்கிற எல்லை. தொண்ணூறில் இருக்கும். தொண்ணூறில் வைத்து ஓட்டினால் பத்தும் சரியாக வரும். அது அவனுக்குத் தெரியும். வேறு எவனுக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. மூன்று வருடத்தில் அவன் எழுதிய எதுவும் இவ்வளவு அழகாக ஓடியதில்லை.

"ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார் திருமூர்த்தி.

"ஆரம்பிச்சிடலாம் சார்."

அவன் விரல் எல்லையைப் பிடித்துப் பத்தொன்பதுக்கு இழுத்தது. பிறகு பொத்தானை அழுத்தினான்.

பெரிய திரையில் முடிவுகள் வந்தன. முதல் ஆட்டம்: தெரிந்தே. இரண்டாவது: தெரிந்தே. மூன்றாவது: தெரிந்தே. நாலாவது வந்தபோது ராஜநாயகம் நிமிர்ந்தார். ஆறாவது வந்தபோது எழுந்து நின்றார். எட்டாவது நீதிபதியின் ஆட்டம். தெரிந்தே. நடுவன் அதோடு நிற்காமல் விவரமும் கொடுத்தது: மொத்தம் பதினான்கு நகர்த்தல்களில் வேண்டுமென்றே தோல்வியை நாடியுள்ளார்.

பத்துக்குப் பத்தும் விலைபோனவை.

அரங்கில் யாரோ கெக்கலித்துவிட்டு இருமலாக மாற்றினார். திருமூர்த்தியின் காது சிவந்தது.

"பதினாலு நகர்த்தலா?" என்றார். "அஞ்சரை மணி நேரம் நான் தோக்கறதுக்கா போராடினேன்?"

"செயலி அப்படித்தான் சார் சொல்லுது."

"இத நீங்க எத்தன வருஷமா பண்றீங்க?"

"மூணு வருஷம் சார்."

"மூணு வருஷம்!" அவர் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல கிளி எடுக்கற சீட்டு இதவிட யோக்கியமாச் சொல்லும்யா. இதுதான் நர்சுங்களச் சோதிக்கப் போகுதா? ஒரு பொம்பளப் புள்ளையோட வேலையத் தின்னப் பாத்துச்சே இது! எந்தக் காலேஜ்ல படிச்ச நீ? இல்ல, படிச்சியா?"

இந்தமுறை அரங்கு அடக்கிக்கொள்ளாமல் சிரித்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் நலங்கிள்ளியின் முகத்தைப் படம் பிடித்தார். அது சாயங்காலத்துக்குள் அவன் படித்த கல்லூரி வரை போகும், அவன் பேசிக் கைத்தட்டல் வாங்கிய அதே கல்லூரி விழாக் குழுவுக்கும் போகும் என்று அவனுக்குத் தெரியும். பதில் சொல்ல அவன் நாக்கில் நாலு வாக்கியங்கள் தயாராக வந்து நின்றன. நாலும் நல்ல வாக்கியங்கள். நீதிபதியின் அஞ்சரை மணி நேரத்தைக் கிழித்துத் தொங்கவிடக்கூடியவை. விழுங்கினான்.

"என்ன, வாயத் திறக்கமாட்டியா?"

"மன்னிச்சிடுங்க சார்."

அஞ்சுகத்தின் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்ய வாரியத்துக்கு நாலு நிமிடம் ஆயிற்று. நடுவனை நிராகரிக்க அதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் காபி குடிக்காமலே கிளம்பினார்கள்.

வாசலில் அஞ்சுகம் நின்றிருந்தாள். நலங்கிள்ளியை மேலும் கீழும் பார்த்தாள். இருபது வருடம் எதிரில் உட்கார்ந்தவர்களின் கையைப் பார்த்தே பிழைத்தவள் அவள்.

"ரொம்ப மட்டமா ஆடுன இன்னிக்கு," என்றாள்.

"ஆமாக்கா."

"நன்றியெல்லாம் சொல்லமாட்டேன். நீ பண்ணுனதுக்கு இது சரியாப் போச்சு."

"சரிக்கா."

அவள் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

பிற்பகலில் ஆபீசில் யாரும் சத்தம் போடவில்லை. ராஜநாயகம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நலங்கிள்ளியின் திரையில் நிர்வாகத்திடமிருந்து ஒரு படிவம் வந்து நின்றது. வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் நிரப்பவேண்டிய படிவம். பெயர், பதவி, சம்பவம், தவறுக்கான காரணம்.

ரிஸ்வானா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையில் நடுவனின் பதிவுக் குறிப்பு இருந்தது. அதில் பத்தொன்பது என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள். ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை.

"உன்ன எவனாவது வாங்கிட்டானாடா?" என்று மெல்லக் கேட்டாள். "சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லல. தொண்ணூற எவனும் தெரியாம பத்தொன்பதுக்கு இழுக்கமாட்டான். எதுக்குடா பண்ண?"

நலங்கிள்ளி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். நாலாக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். அவன் திரையின் பக்கம் திரும்பி, தவறுக்கான காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று தட்டினான். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தான். அனுப்பினான்.